உப்புக்காற்றில் ஒரு ஹிமாலயன்: வாசலில் செய்து பார்த்த வேலைகள்

என் வண்டிக்கு வலது பக்கம் ஒரு வயசு, இடது பக்கம் ஒரு வயசு. இடது பக்கம் நின்று பார்த்தால் 2021 மாடல் என்று நம்பலாம். வலது பக்கம் வந்தால் சைலன்சர் மூடி ஸ்க்ரூ, பின் பிரேக் மிதி, ஃபுட்ரெஸ்ட் ஸ்பிரிங் எல்லாம் செம்மண் குழைத்துப் பூசியது மாதிரி இருக்கும். ரொம்ப நாள் காரணம் பிடிபடவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை மேற்கே பார்த்து நிறுத்துவேன். தெற்கே வீட்டுச் சுவர், வடக்கே வெட்டவெளி. ஐப்பசியில் ஆரம்பித்துத் தை வரைக்கும் அரியமான் பக்கமிருந்து வாடை அடிக்கும்போது அத்தனையையும் வலது பக்கம்தான் வாங்கிக்கொள்கிறது.

வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். 21 அங்குல முன் சக்கரம், 220 மில்லிமீட்டர் தரை இடைவெளி, பேரே மலையின் பேர். 2023-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். என்னிடம் வந்த பிறகு அது ஏறிய ஆக உயரமான இடம் பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு முதுகு. பனியில் ஓட்டுகிறவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் அதே மாதிரி பராமரித்துக்கொண்டிருந்தேன். இங்கே பிரச்சினை பனியும் இல்லை, பள்ளமும் இல்லை, உப்பு. அது புரிய எனக்கு ரெண்டு வருஷமும் ஒரு உடைந்த போல்ட்டும் ஆனது. இந்த வருஷம் தையிலிருந்து ஆடி வரை வீட்டிலேயே செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தை கடைசி

முதலில் தண்ணீர். தனுஷ்கோடி போய் வந்தால் வண்டியைக் கழுவு என்று எல்லாரும் சொல்வார்கள். எதால் கழுவுவது என்று யாரும் சொல்வதில்லை. வீட்டு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி முக்கிப் பார்த்தேன், லிட்டருக்கு 3,400 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கு 500-க்குள் இருக்கணும், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. கடல் தண்ணீர் சுமார் 35,000. ஆக, ரெண்டு வருஷமாகக் கடலில் பத்தில் ஒரு பங்கு உப்புள்ள தண்ணீரால் 'உப்பைக் கழுவி'க் கொண்டிருந்திருக்கிறேன். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். நம்ம ஊரில் ராத்திரிக்கு ராத்திரி இது நடக்கிறது. அடுப்படி உப்பு ஜாடியே சாட்சி.

நல்ல தண்ணீர் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிறோம். முதல் நாள் ரெண்டு குடத்தை வண்டிமேல் கவிழ்த்தேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏப்பா, குடிக்கிற தண்ணியில வண்டிக்குத் தலைக்கு ஊத்துறியே, அதுக்குச் சாம்பிராணியும் போடட்டா?"

அதற்கப்புறம்தான் இந்த வழி தோன்றியது. செடிக்கு மருந்து அடிக்கிற 5 லிட்டர் கைத்தெளிப்பான். மண்ணையும் சகதியையும் போர் தண்ணீரில் போக்கிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரைத் தெளிப்பானில் நிரப்பி மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு வருவேன். ஸ்போக் நிப்பிள், டிஸ்க் கேலிபரின் உள்பக்கம், மட்கார்டின் அடி, சைட் ஸ்டாண்டு முளை, இந்த நாலு இடத்துக்கும் மூக்கை நேராகக் காட்டணும். வாட்டர் சர்வீஸ் கடையின் பீய்ச்சல் மாதிரி பேரிங் சீலைத் தாண்டி உள்ளே போகாது. ஒரு தடவைக்கு அரைக் குடம்கூட ஆகவில்லை. பிறகு பத்து நிமிஷம் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிடுவேன்.

பிளாஸ்டிக் கவரைத் தூக்கிப் பரணில் போட்டாயிற்று. வெயிலில் உள்ளே வேர்த்து, உப்பும் ஈரமும் சேர்ந்து வெந்துகொண்டிருந்தது. இப்போது வடக்குப் பக்கம் ஒரு கீற்றுத் தட்டி மட்டும். காற்றும் போகிறது, வாடையும் நேராக விழுவதில்லை.

மாசி

துரு சுரண்டும் மாதம். உப்பு கொண்டுவந்ததை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறோம். அந்தத் தாளுக்கு நம் ஆட்கள் ஏன் அப்படிப் பேர் வைத்தார்கள் என்று தேய்க்கும்போது நிறைய யோசித்தேன், விடை கிடைக்கவில்லை, தோள் வலித்தது.

80 நம்பரில் சுரண்டி, 220-ல் சமப்படுத்தி, தின்னரில் துடைத்து, துருமேல் பூசுகிற கன்வர்ட்டர் ஒரு கோட். அது கறுத்து இறுகியதும் பிரைமர், பிறகு கறுப்பு எனாமல். பெயின்ட் விஷயத்தில் அவசரம் கூடாது. நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்து, பிரேக் மிதியில் என் கட்டைவிரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்துவிட்டது.

வெளியிலிருந்து வாங்கிப் போட்ட கிராஷ் கார்டில்தான் பாடம். மேலே பளபளப்பு, ஆனால் வெல்டிங் பக்கத்து ஓட்டை வழியாகக் காபிப் பொடி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. குழாய் உள்ளிருந்து அரிக்கிறது. கழற்றி வெயிலில் ரெண்டு நாள் காயவைத்து, பழைய இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றி, குழந்தையைத் தாலாட்டுவது மாதிரி திருப்பித் திருப்பி ஆட்டி, மிச்சத்தை வடியவிட்டேன். மேல் ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்து, கீழ் ஓட்டையை மட்டும் திறந்து விட்டேன். எல்லாவற்றையும் அடைத்தால் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியிருக்காது.

அந்த வாரம் பாம்பன் போனபோது புதுத் தூக்குப் பாலத்தை வேறு கண்ணோடு பார்த்தேன். 2025 ஏப்ரலில் திறந்தது. அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் 1914-ன் பழைய பாலம், அரிப்பால் ரயில் நிறுத்தப்பட்டது. அதற்கே அந்தக் கதி என்றால் என் 6 எம்எம் போல்ட் எம்மாத்திரம்.

சித்திரை

அந்த போல்ட் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் நான் செய்த முதல் 'அப்கிரேட்' அதுதான். இன்ஜின் இடது பக்கம் முன் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயினை இழுக்கிற பல்சக்கரத்தை, மூடுகிற அலுமினியக் கவரின் போல்ட்களில் துரு தெரிந்தது. கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டேன். பளபளவென்று இருந்தது. துரு தொல்லை விட்டது என்று படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

இந்தச் சித்திரையில் செயின் அழுக்கை வழிக்க அந்தக் கவரைத் திறந்தேன். முதல் போல்ட் சும்மா வந்தது. இரண்டாவது கிறீச் என்று கதறிக்கொண்டு வந்தது. வந்தபோது அதன் மரையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு சுருள் ஒட்டியிருந்தது. ஜவ்வு மிட்டாய்க்காரர் குச்சியில் சுற்றுவாரே, அப்படி. ஏதோ கம்பி என்று நினைத்து நகத்தால் உரித்தேன். உரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, அது இன்ஜினின் மரை. ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் குழாய் மாதிரி வழவழவென்று இருக்கிறது, விளிம்பில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி. மூன்றாவது போல்ட்டை ரொம்பப் பயந்து, டபிள்யூ.டி.40 அடித்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் மெல்லத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட்டது.

மண்டபம் பக்கம் விசைப்படகு இன்ஜின் வேலை செய்கிற அண்ணன் ஒருவரைத் தெரியும். போன நேரம் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகெல்லாம் கரையேறி நிற்கும், பட்டறைகளில் மூச்சுவிட நேரமிருக்காது. மூன்று நாள் அலைந்த பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம் கிடைத்தது. அவர் போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்ததும் சிரித்தார்.

"எஸ்எஸ் போட்டியாக்கும். கிரீஸ் வச்சியா?"

"இல்லண்ணே. துருதான் பிடிக்காதே."

"அது பிடிக்காது தம்பி. பக்கத்துல இருக்கவனைத் தின்னும். வா இங்க."

இரும்புப் படகு ஒன்றின் அடிப்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். செங்கல்லில் பாதி அளவுக்குத் துத்தநாகக் கட்டிகள் பற்றவைத்திருந்தது. ஒன்று எலி கடித்த சோப்பு மாதிரி குழிகுழியாகத் தேய்ந்திருந்தது. உப்புத் தண்ணீரில் ரெண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. எளிதில் கரைகிற உலோகம் கரையும், மற்றது தப்பிக்கும். படகில் இரும்பைக் காப்பாற்றத் துத்தநாகத்தைப் பலி கொடுக்கிறார்கள். நான் என் வண்டியில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் காப்பாற்ற இன்ஜினைப் பலி கொடுத்திருக்கிறேன். கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகும்போது முன்னைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் மரை அப்படி இறுகுகிறது.

உடைந்த போல்ட்டில் ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, என் நல்ல காலம். கேஸ் டார்ச்சில் சுற்றியிருந்த அலுமினியத்தைச் சூடாக்கி, நுனியில் சுத்தியலால் லேசாக நாலு தட்டு, வைஸ் கிரிப்பால் பிடித்து முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று. அவர் இழுக்கவே இல்லை, ஆட்டிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. மரை போன ஓட்டையை மட்டும் லேத்தில் 6.3 எம்எம் ட்ரில் விட்டு, ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் மரை இறக்கினார்கள். அது முதலில் இருந்ததைவிட உறுதி. மரை கழன்ற ஆளுக்கு ஒரு மரை கூடுதலாகவே கிடைத்தது என்று வீட்டில் சொன்னார்கள்.

இப்போது வண்டியில் நான் கைவைக்கிற ஒவ்வொரு போல்ட்டும் கிரீஸ் தடவாமல் உள்ளே போவதில்லை. மரையில் ஆன்டி-சீஸ் என்கிற, இறுகிப்போகாமல் தடுக்கும் பசை, இல்லையென்றால் அண்ணன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்த, தண்ணீரில் கரையாத படகு கிரீஸ். பிரேக் கேலிபர் போல்ட், ஆக்சில் நட்டு மாதிரி பாதுகாப்பு சம்பந்தப்பட்டவற்றில் மட்டும் என் இஷ்டம் கிடையாது, கம்பெனி போல்ட், கையேட்டில் சொன்ன இறுக்கம். மரையில் வழுக்கல் இருந்தால் அதே டார்க்குக்கு போல்ட் கூடுதலாக இறுகும் என்பதையும் நினைவில் வைக்கணும். ஸ்டெயின்லெஸ் வாங்குவதென்றால் தலையில் ஏ4 என்று குத்தியிருப்பதைக் கேளுங்கள். ஏ2 என்பது 304 ரகம், அதுவும் கடற்கரையில் டீக்கறை மாதிரி புள்ளி விழும். ஏ4 என்றால் 316, மாலிப்டினம் கலந்தது.

வைகாசி

ஃபாக் லைட்டில் ஒன்று செத்தது. தேவிபட்டினம் தாண்டி ஈசிஆரில் ராத்திரி வரும்போது கறுப்பு ஆடு ஒன்று ரோட்டில் படுத்திருப்பதைக் கடைசி நிமிஷத்தில் பார்த்த அனுபவத்தில் மாட்டியவை அவை. மாட்டிய கடையில் ஹெட்லைட் வயரையே சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள்.

டேப்பைப் பிரித்தேன். பசை உருகிக் கறுப்பு அல்வாவாக இருந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை. செம்பில் களிம்பு ஏறினது என்று பெரியவர்கள் உவமை சொல்வார்களே, அதை வயரில் பார்த்தேன். கம்பியை மடக்கினால் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. உறையைச் சீவிக்கொண்டே போனேன், நாலு விரற்கடை தூரத்துக்குக் களிம்பு உள்ளேயே ஊர்ந்து போயிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "குத்துவிளக்குக் கணக்கா புளி போட்டு விளக்கு" என்றார். ஒரு துண்டு வயரில் செய்தும் பார்த்தேன். தங்கம் மாதிரி மின்னியது. சரியாக அலசாமல் விட்டதில் ரெண்டாம் நாள் முன்னைவிடப் பச்சை. களிம்பு ஏறிய பகுதியை வெட்டி எறிவதுதான் சரி.

புதிதாக இழுத்தேன். ரெண்டு விளக்கும் சேர்ந்து 40 வாட், 12 வோல்ட்டுக்கு 3.3 ஆம்பியர், அதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஸ்விட்ச்சின் சின்ன கரன்ட்டால் விளக்கின் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடுகிற ரிலேயின் முனைகளில் 30 பேட்டரிக்கு, 87 விளக்குக்கு, 86 ஸ்விட்ச்சிலிருந்து, 85 எர்த். ஸ்விட்ச்சுக்கு சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற லைனை எடுத்தேன், மறந்து எரியவிட்டுப் போகிற ஆள் நான். ரிலேயை சீட்டுக்கு அடியில் வாய் கீழே பார்க்க மாட்டினேன். வயர் ஏறும் முன் ஒரு தொங்கல் விட்டால் வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பின்னுக்குப் போகாது. ஜாயின்ட் எல்லாம் சால்டர் அடித்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். இருக்கிற கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஈரம் புகாமல் தடுக்கிற டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வைத்தேன். இது ஒரு முழு ஞாயிறு. பார்க்கிறவர்களுக்கு வண்டியில் எந்த மாற்றமும் தெரியாது. செலவழித்ததில் எனக்கு ஆகப் பிடித்த வேலை இதுதான்.

செயினுக்கு ஒட்டுகிற மெழுகு ஸ்ப்ரேயை விட்டுவிட்டேன். அரிச்சல்முனை மணல் அதில் ஒட்டி உப்புத்தாளாக மாறுகிறது. மண்ணெண்ணெயில் மென் பிரஷ், துணியால் துடைப்பு, 90 நம்பர் கியர் ஆயில் கொஞ்சம், மறுநாள் காலை மறுபடி துடைப்பு, அவ்வளவே. சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிச் செய்யுங்கள். இன்ஜினை கியரில் ஓடவிட்டு செயின் துடைத்து விரலை இழந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

ஆனி

சீமைக்கருவேல முள். நம் மாவட்டத்தில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. புதுமடம் பக்கம் கடற்கரைக்குப் போகிற மண் பாதையில் முன் சக்கரம் இறங்கியது. ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப், டியூப்லெஸ் மாதிரி திரி குத்தி வர முடியாது. நிரப்பி நிரப்பி வீடு வந்து சேர்ந்தேன். பஞ்சர் கடைக்கே போயிருக்கலாம், ஆனால் கடையே இல்லாத இடத்தில் இறங்கினால் என்ன செய்வது என்று இந்த முறை வீட்டிலேயே பழகிக்கொள்ள உட்கார்ந்தேன்.

டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க என் உடம்பு எடை போதவில்லை. தம்பியின் வண்டி சைட் ஸ்டாண்டை டயர்மேல் வைத்து, அந்த வண்டியை அந்தப் பக்கம் சாய்த்தபோது 'பொத்' என்று விட்டது. சோப்புத் தண்ணீர், ரெண்டு லீவர், அரை மணி நேரம். டியூபை அண்டாவில் முக்கினால் ஒரே இடத்தில் முத்துமுத்தாகக் குமிழி. உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்து, பேட்ச் ஒட்டித் தேய்த்தேன். முள்ளைத் தேட விரலை விடாதீர்கள். பழைய வேட்டித் துணியை டயருக்குள் சுற்றிலும் இழுத்தால் சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். நுனி மட்டும் உடைந்து ரப்பருக்குள் நின்றிருந்தது. வெளியிலிருந்து தெரியவே இல்லை.

பெருமையோடு டயரை ஏற்றிக் காற்றடித்தேன். அரை மணியில் மறுபடி சப்பை. கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்தது மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு ஓட்டை, என் லீவர் செய்த வேலை. டியூபில் கொஞ்சம் காற்று வைத்து உருண்டையாக்காமல் உள்ளே செலுத்தியதுதான் தப்பு. கடைசிப் பக்கத்தை ஏற்றும்போது எதிர்ப் பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் காலால் அழுத்தி வைத்தால் லீவருக்கு வேலையே குறைவு. இரண்டாம் தடவை இருபது நிமிஷம். இப்போது சீட்டுக்கு அடியில் லீவர், பேட்ச், கைப்பம்பு இருக்கிறது.

மணலுக்காகக் காற்றைக் குறைக்கிறவர்கள் கவனத்துக்கு: தனியாக ஓட்ட முன்னே 25 பிஎஸ்ஐ, பின்னே 32. மணலில் நான் முன்னே 18-க்குக் கீழே இறக்குவதில்லை. ரொம்ப இறங்கினால் டயர் ரிம்மில் நழுவி, வால்வ் மூக்கோடு டியூப் கிழியும். ரோடு ஏறியதும் அங்கேயே நிரப்பிவிடணும்.

ஆடி

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்துவிட்டது. இப்போது கடல் கொந்தளிப்பெல்லாம் தெற்குப் பக்கம். சுவர் மறைப்பதால் வாசலில் வண்டிக்கு ஓய்வுக் காலம். மாசியில் அடித்த பெயின்ட், கட்டைவிரல் ரேகை உட்பட, அப்படியே இருக்கிறது. கிராஷ் கார்டின் கீழ் ஓட்டையில் துருத்தண்ணீர் வரவில்லை, கொஞ்சம் எண்ணெய் கசிகிறது. சென்ற வாரம் ஸ்ப்ராக்கெட் கவரை வேண்டுமென்றே திறந்து பார்த்தேன். நாலு போல்ட்டும் விரலாலேயே சுழன்று வந்தன. திரும்பப் பூட்டிவிட்டேன்.

பாக்கி ரெண்டு. முன் ஃபோர்க்கின் ரப்பர் உறைகளுக்குள் மணல் கோத்திருக்கிறதா என்று இறக்கிப் பார்க்கணும். பின் மோனோஷாக் லிங்கேஜைக் கழற்றி கிரீஸ் வைக்கணும். அதற்கு வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் தொங்கவிடணும், வேப்பமரக் கிளை தாங்குமா என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து வரவில்லை.

அதற்கு முன்னால் தெளிப்பான் திரும்பக் கிடைக்கணும். முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று அம்மா வாங்கிப்போய் வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவணும் என்றேன்.

"அடி. வண்டியிலயும் பூச்சி வராது."